பழைய ஷ்மிட் கேமரா வாங்கினீர்களா? முதலில் ஃபோகஸைச் சரிபாருங்கள்

ஷ்மிட் கேமரா என்பது வானத்தின் பரந்த பகுதியை ஒரே படத்தில் எடுக்கும் தொலைநோக்கிக் கேமரா. 1930-இல் பெர்ன்ஹார்ட் ஷ்மிட் உருவாக்கிய இந்த வடிவமைப்பில் கண் வைத்துப் பார்க்க இடமே கிடையாது. ஃபிலிம் குழாயின் நடுவில், கோள ஆடியை நோக்கிப் புடைத்த வளைவில் உட்காருகிறது. அதனால் ஃபோகஸைப் படம் எடுத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

செலஸ்ட்ரான் 8 அங்குலக் கேமராவின் எஃப்/1.5 வேகத்தில் (குவியத் தொலைவு திறப்பின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு) ஃபிலிம் 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விலகினாலே நட்சத்திரம் 20 மைக்ரான் வட்டமாகப் பரவிவிடும். ஆனால் ஆடிக்கும் ஃபிலிமுக்கும் இடையே 300 மி.மீ. நீள அலுமினியம் இருந்தால், வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறையும்போது அது சுமார் 70 மைக்ரான் சுருங்குகிறது! அந்த இடத்தில் இன்வார் (மிகக் குறைவாகவே சுருங்கி விரியும் இரும்பு-நிக்கல் கலவை) கம்பிகள் உள்ள கேமரா கிடைத்தால் விடாதீர்கள். அதே குளிரில் இன்வார் 4 மைக்ரான்கூடச் சுருங்காது.

சரி, சோதனை எப்படி? கேமராவை வெளியே வைத்து நன்றாகக் குளிர விடுங்கள். நட்சத்திரங்களைப் பின்தொடர்ந்து கேமராவைத் திருப்பும் மோட்டாரை நிறுத்திவிட்டு, நட்சத்திரங்கள் கோடு இழுக்கும்படி ஒரு நிமிடம் படம் எடுங்கள். ஃபோகஸ் திருகை ஒவ்வொரு முறையும் ஒரே அளவு திருப்பி, அடுத்தடுத்த ஃபிலிம் துண்டுகளில் இதையே செய்யுங்கள். எந்த அளவுக்கு எந்தத் துண்டு என்று மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். கழுவிய பின் உருப்பெருக்கியில் மிக மெல்லிய கோடு எதில் இருக்கிறதோ, அதுதான் சரியான இடம்.

அப்புறம், ஃபிலிமுக்கு அடியில் ஒரு தூசு சிக்கினாலும் இந்த உழைப்பெல்லாம் வீண். ஒவ்வொரு முறையும் ஊதிச் சுத்தம் செய்துவிட்டு மாட்டுங்கள்.