டவர் எட்டாத தோட்டத்து வீட்டுக்குச் செயற்கைக்கோள் இணையம்: புதியவர்களுக்கான செய்முறை

இங்கிலாந்தில் கால்வாய்ப் படகையே வீடாக்கிக் குடியிருப்பவர்கள் உண்டு. நம் திருநெல்வேலிப் பக்கத்துக் கன்னடியன் கால்வாயில் அப்படி ஒரு படகு விட வழியில்லை. கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகத்துக்கும் வேளாவேளைக்குத் தண்ணீர் திறந்தாலே பெரிய காரியம். ஆனாலும் அந்தப் படகுக்காரருக்கும், மணிமுத்தாறு, களக்காடு, திருக்குறுங்குடி மலையடிவாரத்தில் தோட்டத்து வீடு வைத்திருப்பவருக்கும் தொல்லை ஒன்றேதான். கம்பி வராது, டவர் எட்டாது, கரண்டை நம்ப முடியாது. மூன்றுக்கும் சேர்த்து ஒரு வழி செய்வது எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: இது உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள்

பாதிப் பேருக்குத் தேவைப்படாது. காங்கிரீட் வீட்டுக்குள் ஒரு கோடு கூடக் காட்டாத போன், மோட்டார் அறையின் மேலே ஏறி நின்றால் இரண்டு கோடு காட்டும். அப்படிக் காட்டினால், சிம் போடும் 4ஜி ரூட்டர் ஒன்றும், டவர் இருக்கும் திசையைப் பார்த்து வெளியே மாட்டும் ஆன்டெனா ஒன்றும் போதும். செலவு குறைவு, தாமதமும் குறைவு. உங்களிடம் இருக்கும் எல்லா நிறுவனத்து சிம்மையும் கூரை மேல் வைத்துச் சோதியுங்கள். அடுத்து, ஊருக்குள் இணையம் கொடுக்கும் கேபிள்காரரிடம், தோட்டம் வரை ஃபைபர் இழுக்க எத்தனை கம்பம் வேண்டும் என்று கேளுங்கள். இரண்டும் கைவிட்டால் மட்டும் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: இரண்டு வகைச் செயற்கைக்கோள், இரண்டு வகைக் குணம்

முதல் வகை, பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் பூமியோடு சேர்ந்தே சுற்றுவது. நம் கண்ணுக்கு அது ஒரே இடத்தில் நிற்கும். டிஷ்ஷை ஒரு முறை திருப்பி இறுக்கிவிட்டால் போதும். நாம் கேட்பது மேலே போய்க் கீழே இறங்கி, பதிலும் அதே வழியில் திரும்ப வேண்டும் என்பதால், ஒளியின் வேகத்தில் போனாலும் கிட்டத்தட்ட அரை நொடி பிடிக்கும். மின்னஞ்சல், செய்தி, பணம் அனுப்புவது, யூடியூப் இவற்றுக்கு அது உறைக்காது. வீடியோ அழைப்பில் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துவீர்கள். பழகிக்கொள்ளலாம். வேகமாக ஆடும் விளையாட்டுகளை மறந்துவிடுங்கள்.

இரண்டாம் வகை, ஸ்டார்லிங்க் போல 550 கி.மீ. அளவிலான உயரத்தில் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பவை. தாமதம் மிகக் குறைவு. ஆனால் ஒரு கோள் போனதும் அடுத்ததைப் பிடிக்க வேண்டும் என்பதால், ஆன்டெனாவுக்கு வானத்தில் அகலமான திறப்பு வேண்டும். படகுக்காரர்களுக்கு இதுதான் ஏற்றது: படகு திரும்பினால் டிஷ்ஷும் திரும்பிவிடும், நிலையான டிஷ்ஷை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்ய?

இந்தியாவில் முதல் வகைச் சேவை ஏற்கெனவே இருக்கிறது. இஸ்ரோவின் ஜிசாட்-11, 5,854 கிலோ எடையோடு 2018 டிசம்பரில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்டது. அதையும் ஜிசாட்-29ஐயும் வைத்து ஹியூஸ் நிறுவனம் 2022இல் அதிவேகச் சேவையைத் தொடங்கியது. ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை உரிமம் கொடுத்தது. உரிமம் வேறு, உங்கள் வீட்டுக்கு இணைப்பு வேறு. நிறுவனத்தின் இந்தியத் தளத்தில் உங்கள் பின்கோடைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு முன்பணத்தைப் பற்றி யோசியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. துபாயிலோ லண்டனிலோ இருக்கும் அத்தானிடம், "வரும்போது ஒரு டிஷ் வாங்கி வாருங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். இங்கே அனுமதியில்லாத செயற்கைக்கோள் கருவியை வைத்திருப்பதும் இயக்குவதும் குற்றம். சாட்டிலைட் போனோடு வந்து விமான நிலையத்திலேயே மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். இந்த டிஷ் கேட்க மட்டும் செய்வதில்லை, வானத்துக்கு அனுப்பவும் செய்கிறது. அதனால்தான் இவ்வளவு கெடுபிடி.

படி 3: வானத்தை அளந்து பாருங்கள்

மற்ற எல்லாவற்றையும் விட இதற்கு நேரம் கொடுங்கள். நிறுவனத்து ஆள் வந்து, டிஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு "தென்னை மறைக்கிறது" என்று சொல்லும்போது தெரிந்துகொள்வதில் பயனில்லை.

ஜிசாட்-11 இருப்பது கிழக்கு 74 டிகிரித் தீர்க்கரேகைக்கு மேலே. திருநெல்வேலியிலிருந்து பார்த்தால் அது தெற்கிலிருந்து 23 டிகிரி மேற்கே தள்ளி, தரையிலிருந்து 79 டிகிரி உயரத்தில் நிற்கிறது. அதாவது ஏறக்குறைய நம் உச்சந்தலைக்கு நேர். மேற்குத் தொடர்ச்சி மலை மறைக்குமோ என்ற பயமே வேண்டாம். பொதிகை மலையே பக்கத்தில் இருந்தாலும் அது அந்த உயரத்துக்கு வராது. லண்டனில் இதே வகைக் கோள்கள் தாழ்வாகத்தான் தெரியும், 25, 30 டிகிரி. அங்கே கரையோர மரம் ஒன்று போதும், படகின் இணையத்தை அறுக்க.

இப்போது தென்னையைக் கணக்கிடுவோம். டிஷ்ஷை விட 15 மீட்டர் உயர்ந்து நிற்கும் மரம் என்று வையுங்கள். 79 டிகிரியில் இருக்கும் கோளை அது மறைக்க வேண்டுமென்றால், டிஷ்ஷுக்குத் தெற்கு, தென்மேற்குப் பக்கம் மூன்று மீட்டருக்குள் நிற்க வேண்டும். மட்டை விரிவதற்கும் காற்றில் ஆடுவதற்கும் நான்கு மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஏழு மீட்டர் தள்ளி வைத்தால் கவலை இல்லை. அதே மரம், தாழப் பறக்கும் கோள்களுக்கான ஆன்டெனாவுக்கு 20 மீட்டர் தூரத்தில் இருந்தாலும் குறுக்கே வரும். அந்த ஆன்டெனாவுக்கு எல்லாத் திசையிலும் 35 டிகிரிக்கு மேலே திறந்திருக்க வேண்டும். ஆக, தென்னந்தோப்பின் நடுவே வீடு இருந்தால், எல்லாரும் பேசும் புதிய வகையை விடப் பழைய டிஷ்தான் உங்களுக்குத் தோது. வள்ளியூர், பணகுடிப் பக்கம் பொட்டல் காட்டில் பனை இரண்டு நிற்கிற இடமென்றால் எது வேண்டுமானாலும் வைக்கலாம்.

போனில் உள்ள திசைகாட்டியை நம்புங்கள், ஆனால் இரும்புக் குழாயின் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். முள் பொய் சொல்லும். தெருவில் இருக்கும் டிவி டிஷ்களைப் பார்த்தும் திசை பிடிக்க வேண்டாம். சன் டைரக்ட், டிடி ஃப்ரீ டிஷ் இரண்டும் பார்க்கும் 93.5 டிகிரிக் கோள் நமக்குக் கிழக்கு, தென்கிழக்கில் இருக்கிறது.

கருவி எதுவும் இல்லாமல் பார்க்க ஒரு வழி உண்டு. மார்ச் 16ஐ ஒட்டியும் செப்டம்பர் 26ஐ ஒட்டியும் சில நாட்கள், மதியம் பன்னிரண்டரை மணி வாக்கில் சூரியன் அந்தக் கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். மார்ச்சில் பதினைந்து நிமிடம் பிந்தும். அந்த நேரத்தில் நீங்கள் டிஷ் வைக்க நினைக்கும் இடத்தில் முழு வெயில் விழுந்தால் வழி திறந்திருக்கிறது. மட்டை நிழல் ஆடினால் இடத்தை மாற்றுங்கள். இணைப்பு வந்த பிறகு, அதே நாட்களில் அதே நேரம் சில நிமிடங்கள் இணையம் போய் வரும். சூரியனின் இரைச்சல் சிக்னலை மூழ்கடிப்பதால் அப்படி. புகார் எண்ணுக்கு அழைக்க வேண்டியதில்லை.

படி 4: கம்பம்

டிஷ்ஷைக் கோளுக்குத் திருப்புவது நிறுவனத்து ஆளின் வேலை. கம்பம் உங்கள் வேலை. இரண்டு அங்குல ஜிஐ பைப், குறைந்தது இரண்டடி ஆழத்தில் காங்கிரீட்டுக்குள் நிற்கட்டும். மண்ணில் நடும்போது பைப்பின் அடியில் குறுக்கே ஒரு கம்பியைச் செருகிவிட்டால், காங்கிரீட்டுக்குள்ளேயே பைப் சுழலாது. ஈரம் காயும் முன் கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி, இரண்டு பக்கமிருந்து பாருங்கள். நூலுக்கும் பைப்புக்கும் இடையிலான வெளி மேலும் கீழும் ஒன்றாக இருக்க வேண்டும். கம்பம் ஒரு டிகிரி சாய்ந்தால் டிஷ் காட்டும் கோணம் எல்லாமே பொய்யாகிவிடும். ஒரு வாரம் கழித்து ஆளை வரச் சொல்லுங்கள்.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்றைத் தெற்கத்திக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றாலைக்காரர்கள் அதற்காகவே இங்கே வந்தார்கள். டிஷ் முழுக் காற்றையும் வாங்கிக்கொள்ளும் பொருள். எல்லா நட்டிலும் ஸ்பிரிங் வாஷர் போடச் சொல்லுங்கள். இறுக்கிய பிறகு நட்டையும் போல்ட்டையும் சேர்த்துப் பெயின்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். பிறகு எப்போதாவது கோடு விலகியிருந்தால், எந்த நட்டு தளர்ந்தது என்று ஏணியில் ஏறாமலே தெரியும். மாடி வீடென்றால் கைப்பிடிச் சுவரில் மாட்டாதீர்கள், அது செங்கல் ஒற்றைக் கட்டாகவே இருக்கும்.

டிஷ் உச்சியைப் பார்க்காமல் சாய்ந்து நிற்கிறதே என்று சந்தேகம் வரும். மூக்கு ஒரு பக்கம் ஒதுங்கிய ஆஃப்செட் டிஷ் அப்படித்தான் நிற்கும். முகம் பார்க்கும் திசைக்கும் சிக்னல் வரும் திசைக்கும் இருபது டிகிரிக்கு மேல் வித்தியாசம் உண்டு.

படி 5: கரண்ட் கணக்கு

மோடத்தின் அடாப்டரில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். 40 வாட் என்று கொள்வோம். இருபத்து நான்கு மணி நேரத்துக்கு 960 வாட்-மணி. வீட்டு இன்வெர்ட்டரின் 12 வோல்ட், 150 ஆம்ப்-மணி டியூபுலர் பாட்டரியில் 1,800 வாட்-மணி இருக்கும். பாட்டரி நீண்ட நாள் உழைக்க அதில் பாதியை மட்டும் எடுக்க வேண்டும் என்பதால் 900. விளக்கும் மின்விசிறியும் அதே பாட்டரியில் ஓடினால் விடியும் முன் தீர்ந்துவிடும். தூங்கும் நேரத்தில் மோடத்தை அணைப்பதுதான் மிக மலிவான தீர்வு. படகில் இருப்பவர்கள் ஒவ்வொரு வாட்டையும் இப்படித்தான் எண்ணிச் செலவழிக்கிறார்கள்.

சோலார் பாட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட்டில் ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் ஒயரின் தடிமனைப் பாருங்கள். 40 வாட்டுக்கு 3.3 ஆம்ப் ஓடும். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் 20 மீட்டர் தள்ளிக் கொண்டுபோனால் வழியிலேயே ஒன்றரை வோல்ட் கரைந்துவிடும். மோடம் அடிக்கடி அணைந்து எரியும், நீங்கள் கோளைத் திட்டுவீர்கள். பாட்டரியையும் மோடத்தையும் ஒரே அறையில் வையுங்கள்.

கம்பத்துக்குத் தனி எர்த் போடுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விடுங்கள், மழைநீர் அதில் சொட்டிவிடும். இடி மின்னல் வரும் அறிகுறி தெரிந்தால் முன்கூட்டியே கேபிளையும் பிளக்கையும் கழற்றிவிட வேண்டியதுதான்.

படி 6: இணைப்பு வந்த பிறகு

பெரும்பாலானவர்கள் இங்கேதான் திகைக்கிறார்கள்: இணையம் வந்துவிட்டது, வங்கிச் செயலியும் திறக்கிறது, ஓடிபி மட்டும் வரவில்லை. ஓடிபி டவர் வழியாக வரும் குறுஞ்செய்தி. தோட்டத்தில் டவர் கிடையாது. போனின் அமைப்புகளில் வைஃபை காலிங் என்பதை இயக்குங்கள். ஏர்டெல், ஜியோ இரண்டிலும் இந்த வசதி இருக்கிறது. அழைப்பும் குறுஞ்செய்தியும் பெரும்பாலும் வைஃபை வழியாகவே வந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். செயலிகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்வதையும் நிறுத்துங்கள். மாதத்துக்கு இவ்வளவு என்று அளவு வைத்த திட்டத்தில், காலை வணக்கப் படங்களே கால்வாசியைத் தின்றுவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் கனமழை கொட்டும்போது சிக்னல் விழும். மழைத்துளி அலையை உறிஞ்சுவதுதான் காரணம்; அதிர்வெண் கூடிய கேஏ அலைவரிசையில் இது, அதிர்வெண் குறைந்த கேயு அலைவரிசையை விட மோசம். மேகம் கலைந்தால் தானாக வந்துவிடும், மோடத்தைத் திரும்பத் திரும்ப அணைத்து எரிய விடாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அதுபோன்ற மழை பெய்துகொண்டிருக்கும் நேரத்தில் எந்த டிஷ்ஷும் வேலை செய்யாது. மழை விட்டு, டவர்கள் வெள்ளத்தில் கிடக்கும்போது இது வேலை செய்யும். அந்த நாளுக்காக ஒரு பாட்டரியை எப்போதும் முழுதாக ஏற்றி, தரையிலிருந்து இடுப்புயரத்தில் பலகை போட்டு வையுங்கள்.

வைகாசி முடிவதற்குள் ஒரு முறை நட்டுகளின் பெயின்ட் கோட்டைப் பாருங்கள். டிஷ்ஷின் முன்னால் நீட்டி நிற்கும் மூக்கான எல்என்பியின் மூடியில் குளவி கூடு கட்டியிருந்தால் மோடத்தை அணைத்துவிட்டுக் குச்சியால் தட்டுங்கள். மோடம் ஓடும்போது டிஷ்ஷின் முன்னால் கையையோ தலையையோ நீட்டக் கூடாது.