உடம்பு பாதி மரத்துப்போனால்: தலாமஸின் வி.பி.எல். பகுதியைப் படிப்படியாகப் புரிந்துகொள்வோம்

நர்சிங், பிசியோதெரபி முதலாண்டு மாணவர்களுக்காக எழுதுகிறேன். காகிதம், பென்சில், கொஞ்சம் பஞ்சு, 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க் இருந்தால் போதும்.

படி 1: மூளையின் நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முட்டை வரையுங்கள். அவைதான் தலாமஸ். ஒவ்வொன்றிலும் பின்பக்கமாக, அடியில் ஒரு பகுதியைக் கறுப்பாக்குங்கள். அதுதான் வென்ட்ரல் போஸ்டிரோலேட்டரல் நியூக்ளியஸ், சுருக்கமாக வி.பி.எல். கோவையிலிருந்து ஊட்டிக்கு வரும் பஸ் மேட்டுப்பாளையத்தைத் தொட்டு வருகிற மாதிரி, உடம்பின் தொடு உணர்வு, வலி, சூடு, அதிர்வு எல்லாம் இங்கே வந்துதான் பெருமூளைப் புறணிக்குப் போகின்றன. வரும் வழியிலேயே பக்கம் மாறிவிடுவதால், வலது தலாமஸ் கெட்டால் மரத்துப்போவது இடது பக்கம்.

படி 2: அந்தக் கறுப்புப் பகுதியில் வெளி ஓரத்தில் கால், உள் ஓரத்தில் கை என்று குறியுங்கள். கையை ஒட்டி உள்ளே இருப்பது வென்ட்ரல் போஸ்டிரோமீடியல் நியூக்ளியஸ், அதாவது வி.பி.எம்.; முகம் அங்கே. விரல்களும் வாயோரமும் மட்டும் சேர்ந்து மரத்துப்போகிற விசித்திரம் சிலருக்கு வருவது இந்த நெருக்கத்தால்தான். இரத்தம் தருபவை பின் மூளைத் தமனியின் மெல்லிய கிளைகள். அதில் ஒன்று அடைத்தாலே போதும், கை கால் பலம் குறையாமல் உணர்வு மட்டும் போய்விடும்.

படி 3: இனி பரிசோதனை. நம் நீலகிரி மலையில் இதில்தான் அதிகம் தடுமாறுவார்கள். தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களின் விரல் நுனி காய்த்துப்போயிருக்கும். அங்கே பஞ்சால் தொட்டுவிட்டு "உணர்வில்லை" என்று எழுதக்கூடாது. புறங்கை, முன்னங்கை, கன்னம், பாதத்தின் மேல்பக்கம் பாருங்கள். மார்கழிக் காலையில் கை விறைத்திருந்தால் முதலில் சூடாகட்டும். "அம்மா, கண்ணை மூடிக்குங்க, தொட்டதும் சொல்லுங்க" என்று இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தொடுங்கள்.

டியூனிங் ஃபோர்க்கைக் கால் பெருவிரல் மூட்டில் வைத்ததும் "ஆமா தெரியுது" என்பார்கள். தெரிவது அதிர்வா, இரும்பின் ஜில்லிப்பா? அதிராத ஃபோர்க்கையும் இடையிடையே வைத்துப் பாருங்கள். அப்போதும் "தெரியுது" என்றால், கேள்வியை இன்னொரு முறை விளக்குங்கள்.

படி 4: இரண்டு பாதமும் சேர்ந்து மரத்தால் பெரும்பாலும் சர்க்கரை. ஒரு கையின் சில விரல் மட்டும் என்றால் மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருக்கலாம். ஒரே பக்கத்தில் முகம், கை, கால் மூன்றும் திடீரென்று மரத்தால் பக்கவாதம் என்றே எடுத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக் கொடுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான வரம்பு நாலரை மணி நேரம். மலை இறங்கும் நேரமும் அதற்குள்தான். ஆரம்பத்தில் சி.டி. ஸ்கேன் நார்மலாக வரலாம் என்பதால் அதை நம்பி வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

படி 5: சிலருக்குச் சில வாரமோ மாதமோ கழித்து மரத்த பக்கத்திலேயே எரிச்சல் வலி தொடங்கும். தெஜெரின், ரூசி என்ற நரம்பியல் மருத்துவர்கள் 1906-இல் விவரித்தது இதைத்தான். குளிர்காற்று பட்டாலும், கம்பளி உரசினாலும்கூட எரியும். "நடிக்கிறார்" என்று வீட்டில் சொன்னால் நம்பாதீர்கள். சாதாரண வலி மாத்திரை அவ்வளவாகக் கேட்காது; அமிட்ரிப்டிலின், லாமோட்ரிஜின் போன்றவற்றை டாக்டர் யோசிப்பார்.

அப்புறம், வெந்நீர்ப் பையையும் கணப்பு அடுப்பையும் மரத்த பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். சுட்டாலும் அவருக்குத் தெரியாது. குளிக்கும் தண்ணீரை நல்ல கையால் தொட்டுப் பார்க்கட்டும்.