பல கருவிகளை ஒரே இடைமென்பொருளில் இணைத்தல்: கல்லடி விடுதி ஒன்றுக்கான வழிமுறை

மட்டக்களப்பின் கடலோரக் கல்லடியில் ஏழு அறைகள் கொண்ட சிறிய விடுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். குளிரூட்டிகள் மூன்று நிறுவனங்களுடையவை. கூரையில் சூரிய மின்தகடுகளும் அவற்றின் மின்சாரத்தைப் பாவனைக்கு ஏற்ப மாற்றும் இன்வெர்ட்டரும், கிணற்றடியில் மோட்டரும், மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கியும் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் கைத்தொலைபேசியில் தனிச் செயலி இருப்பதால் ஒன்றில் நடப்பதை இன்னொன்று அறியாது. இவற்றின் நடுவே நின்று ஒவ்வொன்றின் மொழியையும் பொதுமொழிக்கு மாற்றித் தருவதே இடைமென்பொருளின் வேலை. ஹோம் அசிஸ்டன்ட், ஓப்பன்ஹாப் ஆகிய இரண்டும் இலவசத் திறமூல மென்பொருள்கள். புதியவருக்கு நான் முன்னதையே சொல்வேன்.

அதை விடுதிக்குள்ளேயே ஒரு சிறிய கணினியில் நிறுவுங்கள். இணையம் அறுந்தாலும் தாங்கி நிரம்ப வேண்டும் அல்லவா? ராஸ்பெரி பை எனும் உள்ளங்கை அளவுக் கணினி போதும். ஆனால் ஓயாமல் எழுதப்படுவதாலும் திடீர் மின்வெட்டாலும் மெமரி கார்ட் விரைவில் பழுதாகும் என்பதால் எஸ்எஸ்டி எனும் உறுதியான சேமிப்பகத்தைப் பொருத்துவதும், கணினிக்கும் ரவுட்டருக்கும் மின்வெட்டில் கைகொடுக்கும் சிறிய யூபிஎஸ் வைப்பதும் நல்லது.

பொதுமொழியாக, கருவிகள் சிறு செய்திகளைப் பரிமாறும் எம்கியூடிடி (MQTT) நெறிமுறையைக் கொள்ளலாம். எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியே கண்காணிப்பதற்காக 1999 இல் உருவான இது, மிகக் குறைந்த தரவிலேயே இயங்கும். செய்திகளை வாங்கி உரியவரிடம் சேர்க்கும் தரகராக மொஸ்கிட்டோ மென்பொருளை நிறுவி, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இட்டு, அது செய்திகளை வாங்கும் வாசலான 1883 ஆம் இலக்கப் போர்ட்டை ரவுட்டரில் வெளியுலகுக்குத் திறக்காமல் விடுங்கள்.

இன்வெர்ட்டர் பெரும்பாலும் ஆர்எஸ்-485 எனும் தரவுக் கம்பியில் மொட்பஸ் என்ற தொழிற்கருவி மொழியைப் பேசும். அந்தக் கம்பியில் கேள்வி கேட்கும் தலைமைக் கருவி ஒன்றே இருக்கலாம். நிறுவனத்தின் வைஃபைப் பெட்டி ஏற்கெனவே அதில் அமர்ந்திருந்தால், நீங்கள் இரண்டாவதாகப் புகும்போது இரண்டுமே தடுமாறும். கதவு உணரிகள் சிக்பீ எனும் குறைமின் வானொலி வகையாயின் 25 ஆம் அலைவரிசையைத் தேர்ந்தால் வைஃபை இடைஞ்சல் குறையும். குளிரூட்டிகளுக்கு ரிமோட் போல அகச்சிவப்புக் கதிர் அனுப்பும்படி அமைத்த ஈஎஸ்பி32 என்ற சிறு சில்லுப் பலகை போதுமாயினும், அது ஒருவழிப் பாதை. ஏசி உண்மையிலேயே ஓடுகிறதா என்பதை அது இழுக்கும் மின்சாரத்தை அளந்தே அறிய முடியும்.

செய்திகளுக்குப் பெயரிடுவதில் நேரம் செலவிடுங்கள். ‘விடுதி/மோட்டர்/நிலை’, ‘விடுதி/மோட்டர்/கட்டளை’ என நிலையையும் கட்டளையையும் பிரித்து வையுங்கள். தமிழிலேயே பெயரிடலாம், நெறிமுறை அதனை ஏற்கும். நிலைச் செய்திகளைத் தரகர் நினைவில் வைத்திருக்கும்படி அமைக்க வேண்டும். கட்டளைச் செய்திகளை ஒருபோதும் அவ்வாறு அமைக்கக் கூடாது. நான் முதலில் இதைக் கவனிக்காமல் இரண்டையும் நினைவில் வைக்கச் செய்திருந்தேன். மாரி காலத்து இரவொன்றில் கரண்ட் போய் வந்ததும், மாலையில் நான் அனுப்பிய ‘இயக்கு’ என்ற பழைய கட்டளையையே தரகர் மீண்டும் நீட்ட, நிரம்பியிருந்த தாங்கிக்கு மோட்டர் விடியும்வரை தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தது. மழைச் சத்தத்தில் அது வழிந்தது எவருக்கும் கேட்கவில்லை.

ஒவ்வொரு கருவிக்கும் ‘இறுதி விருப்பச் செய்தி’ ஒன்றையும் எழுதி வையுங்கள். கருவி சொல்லாமல் மறைந்தால் தரகரே அதனை அறிவிக்கும். கருவி ‘இருக்கிறேன்’ என்று தரகருக்குச் சொல்லும் தொடர்பு இடைவெளி 60 விநாடியாயின், 90 விநாடிக்குள் தெரிந்துவிடும். மோட்டரைச் சிறு ரிலேயில் (மின்சுவிட்சில்) நேரடியாக மாட்டாமல், தகுதி பெற்ற மின்னியலாளரைக் கொண்டு அதிக மின்சாரத்தைத் தாங்கும் கொண்டாக்டர் வழியே இணைப்பியுங்கள். தாங்கியில் மிதவைச் சுவிட்ச் ஒன்றை மென்பொருளைச் சாராமல் மோட்டரின் கட்டுப்பாட்டுச் சுற்றிலேயே பூட்டுங்கள். கடற்காற்றில் செப்பு முனைகள் பச்சை பூப்பதால் வெளிப்புறப் பெட்டிகள் இறுக்கமாக மூடுபவையாக இருக்கட்டும்.

எல்லாம் இயங்கிய பின், பகல் வேளையில் தாங்கி பாதி நிரம்பி மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பிரதான சுவிட்சை அணைத்து, யூபிஎஸ்ஸும் தீரும்வரை பொறுத்து, மீண்டும் போடுங்கள். எவரும் கைவைக்காமல் மோட்டர் தானாக ஓடத் தொடங்கினால், கட்டளைச் செய்திகளின் அமைப்பை முதலில் பாருங்கள்.