ஆக்சஸ் படிவத்தைத் தற்காலிக மாறியால் வடிகட்டுதல்

பல கிளைகளின் பில்களை மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்னும் தரவுத்தள மென்பொருளின் ஒரே அட்டவணையில் வைத்திருப்போர் கிளைக்கொரு படிவம் செய்யத் தேவையில்லை. 2007 பதிப்பில் அறிமுகமான டெம்ப்வார்ஸ் என்னும் தற்காலிக மாறிகளைக் கொண்டு ஒரே படிவத்தை எல்லாக் கிளைகளுக்கும் பயன்படுத்தலாம்.

முகப்புப் படிவத்தில் கிளையைத் தேர்ந்தெடுக்கும் காம்போ பாக்ஸ் (கீழ்விரி பட்டியல்) ஒன்றை வைத்து, அதில் மதிப்பு மாறியதும் இயங்கும் ஆஃப்டர் அப்டேட் நிகழ்வில் செட்டெம்ப்வார் மேக்ரோ மூலம் ‘கிளைஎண்’ என்ற மாறியில் அந்த மதிப்பைச் சேமியுங்கள். பில் படிவத்துக்குப் பதிவுகளை எடுத்துத்தரும் கொயரியில் (வினவலில்), கிளை எண் புலத்தின் கிரைடீரியா (நிபந்தனை) வரியில், டெம்ப்வார்ஸ் என்பதையும் மாறியின் பெயரையும் தனித்தனிச் சதுர அடைப்புக்குள் இட்டு, நடுவில் ஆச்சரியக்குறி போடுங்கள். படிவம் திறந்திருக்கும்போது கிளையை மாற்றினால், ரீகொயரி செய்தால்தான், அதாவது கொயரியை மறுபடி இயக்கினால்தான், முந்தைய கிளையின் பில்கள் மறையும்.

மேக்ரோவுக்குப் பதிலாக விபிஏ நிரல்மொழியில் எழுதுவோர், காம்போ பாக்ஸின் பெயருக்குப் பின் புள்ளி வைத்து வேல்யூ என்று சேர்க்க மறந்தால் 32538 என்ற பிழை வரும். இம்மாறிகள் மதிப்பை மட்டுமே ஏற்கும்.

பலர் கோட்டைவிடும் இடம் புதிய பதிவுதான். வடிகட்டி பார்வையை மட்டுமே கட்டுப்படுத்துவதால், கிளை எண் நிரப்பப்படாத பில் சேமிக்கப்பட்டும் அடுத்த ரீகொயரியில் கண்ணிலிருந்து மறைந்துவிடும். பதிவாகவில்லை என்றெண்ணி அதையே மறுபடியும் பதிவார்கள். ஆகவே, கிளை எண் புலத்தின் டிஃபால்ட் வேல்யூவிலும் (தானாக நிரம்பும் மதிப்பிலும்), சமக்குறிக்குப் பின், அதே மாறியைக் கொடுத்துவிடுங்கள். ஆக்சஸை மூடியதும் மாறி அழிந்துவிடுவதால், மறுநாள் கிளையைத் தேர்ந்தெடுக்காமல் படிவத்தைத் திறந்தால் பழைய பில் ஒன்றும் தெரியாது.