சைக்கிள்தானே என்று முந்தினால்: கிராமச் சாலையில் கார்காரர்கள் செய்யும் தவறுகள்

வாரக் கடைசியில் பெங்களூரிலிருந்து ஓசூர்ப் பக்கம் போகிற பலர், அத்திப்பள்ளி நெரிசலைத் தவிர்க்கச் சந்தாபுராவில் பிரிந்து ஆனேக்கல், தளி வழியாகப் போவார்கள். அந்தப் பக்கச் சாலைகளில்தான் ஜிகணி, பொம்மசந்திரா ஷிப்டுக்குப் போகும் தொழிலாளியும், கேரியரில் பால் கேன் கட்டியவரும், விடியலில் ஹெல்மெட் போட்டுக் கூட்டமாக வருபவர்களும் சைக்கிளில் போகிறார்கள். முன்னால் டெம்போ போனால் எதிரே பார்த்துவிட்டு முந்தும் கை, சைக்கிள் என்றால் மட்டும் பார்க்காமலே ஸ்டியரிங்கை ஒடிக்கிறது.

மெலிந்த வண்டி, ஓரமாகப் போகிறது, நம் பாதையிலேயே ஒட்டிப் போய்விடலாம் என்ற நினைப்பில்தான் எல்லாமே கெடுகிறது. அளந்து பாருங்கள். தார் விளிம்பிலிருந்து ஹேண்டில்பாரின் வலது முனை வரை சுமார் 1 மீட்டர். அதற்கப்பால் 1.5 மீட்டர் இடைவெளி. கண்ணாடிகளோடு சேர்த்து உங்கள் கார் 2 மீட்டர். ஆக 4.5 மீட்டர். 7 மீட்டர் இருவழிச் சாலையில் உங்கள் பங்கு 3.5 மீட்டர்தான், நடுக்கோட்டை 1 மீட்டர் தாண்டாமல் முந்தவே முடியாது. 5.5 மீட்டர் சாலையில் மிச்சம் 1 மீட்டர், எதிரே பைக் வந்தால்கூடத் தாங்காது. எதிர்ப்பாதை காலியாக இல்லையென்றால் சைக்கிளையும் முந்தக்கூடாது என்பது இந்தக் கூட்டலிலேயே வந்துவிடுகிறது.

1.5 மீட்டர் அதிகம் என்று தோன்றலாம். ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் 1.5, ஊருக்கு வெளியே 2 மீட்டர் விடவேண்டும் என்பதே விதி; வேகம் கூடினால் இடைவெளியும் கூட வேண்டும். சைக்கிள்காரர் வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் அவர் தலை உங்கள் சக்கரத்துக்கு அடியில் வராத தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விழாவிட்டாலும் அவர் நேர்க்கோட்டில் போகப்போவதில்லை. விளிம்பில் தார் உடைந்து மண்ணுக்கு ஒரு சாண் பள்ளம் இருக்கும். அதில் இறங்கினால் சக்கரம் மடங்கும் என்று அவருக்குத் தெரியும். குழியோ, ஓரத்தில் இடைவெளி விட்ட ஹம்ப்போ வந்தால் சட்டென்று ஒதுங்குவார். ஆகவே சைக்கிளை மட்டும் பார்க்காமல் அதற்கு முன்னால் உள்ள பத்துப் பதினைந்து மீட்டர் சாலையையும் பாருங்கள். அங்கே குழி இருந்தால், அவர் அதைத் தாண்டும்வரை பின்னாலேயே இருங்கள். புல்கட்டு, கேன் ஏற்றிய சைக்கிளில் அளவை ஹேண்டில்பாரிலிருந்து எடுக்காமல் லோடின் விளிம்பிலிருந்து எடுக்க வேண்டும்.

அடுத்தது தூரக் கணக்கு. சைக்கிள் 20, நீங்கள் 50 கிலோமீட்டர் வேகம். 20 மீட்டர் பின்னாலிருந்து கிளம்பி, 15 மீட்டர் முன்னால் போய் இடப்பக்கம் சேர 5 விநாடி ஆகும். அதற்குள் நீங்கள் 70 மீட்டர் போயிருப்பீர்கள். எதிரே 60-ல் வருபவர் 80 மீட்டருக்கு மேல் வந்திருப்பார். 150 மீட்டர் அங்கேயே தீர்ந்தது. கொஞ்சம் மிச்சம் வைத்து 200 மீட்டர், அதாவது நான்கைந்து மின்கம்ப தூரம், எதிரே காலியாகத் தெரிய வேண்டும். வளைவிலும் மேட்டின் உச்சிக்கு முன்னாலும் அது தெரியாது.

பத்துப் பேர் கூட்டமாக இருவர் இருவராகப் போனால் கார்காரர்களுக்குக் கோபம் வருகிறது. 7 மீட்டர் சாலையில் அது உங்களுக்குத்தான் லாபம். ஒற்றை வரிசையில் அவர்கள் 30 மீட்டர் நீளம். இருவராகப் போனால் பாதி. எப்படியும் எதிர்ப்பாதைக்குப் போகத்தான் வேண்டும் என்னும்போது அங்கே குறைந்த நேரம் இருப்பதே மேல். பாதிக் கூட்டத்தை முந்திவிட்டு, எதிரே லாரியைக் கண்டதும் நடுவில் நுழைவதுதான் மோசம்.

ஹாரனைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து மீட்டர் பின்னால் ஒட்டிக்கொண்டு நீளமாக அடித்தால் அவர் வலத்தோள் வழியாகத் திரும்பிப் பார்ப்பார். தலை திரும்பிய பக்கம் ஹேண்டிலும் இழுக்கும், நேராக உங்கள் முன்னால். 40, 50 மீட்டரிலிருந்து ஒரு சின்னத் தட்டு போதும்.

முந்தியதும் உடனே இடப்பக்கம் வெட்டுவது இன்னொன்று. இடது கண்ணாடியில் சைக்கிள் முழுசாகத் தெரிந்த பிறகே திரும்புங்கள். அடுத்த இடப்பக்கச் சந்தில் நுழையப் போகிறீர்கள் என்றால் முந்தவே வேண்டாம்; இந்தக் காரணத்தால் சைக்கிள்காரர் காரின் பக்கவாட்டில் மோதுவது சாதாரணம். வேன், பஸ் ஓட்டுபவர்களுக்கு இது இரட்டிப்பு: பின்பகுதி இன்னும் கடக்காதபோதே முன்பகுதி திரும்பிவிடும்.

நந்தி மலை ஏற்றத்தில் சைக்கிள் 8, 10 கிலோமீட்டரில்தான் ஏறும். எழுந்து நின்று மிதிப்பவர் இடமும் வலமும் ஆடுவார். கூடுதல் இடம் விடுங்கள். இறக்கத்தில் அதே சைக்கிள் 40-ஐத் தாண்டும். கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே அதை முந்தினால் அடுத்த வளைவில் நீங்கள்தான் பிரேக் பிடிப்பீர்கள், அவர் உங்கள் பம்பரில் வந்து நிற்பார்.

இரவில் எதிரே வரும் சைக்கிளுக்கும் ஹை பீமைத் தணிக்க வேண்டும். கண் கூசினால் அவருக்குத் தார் விளிம்பு தெரியாது.

காத்திருக்கும்போது இரண்டு, மூன்று கார் நீளம் பின்னால், இரண்டாம் கியரில் இருங்கள். ஒட்டிப் போனால் எதிர்ப்பாதையும் தெரியாது, உங்களுக்குப் பின்னால் வருபவருக்குச் சைக்கிள் இருப்பதும் தெரியாது. வெளியே எடுக்கும் முன் இண்டிகேட்டர் போட்டு, வலது கண்ணாடியைப் பாருங்கள். நீங்கள் மெதுவாகப் போகிறீர்கள் என்று ஒரு பைக் அதற்குள் வலப்பக்கம் ஏறியிருக்கும். 3.75 மீட்டர் ஒற்றைச் சாலையில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அங்கே சாலை அகலும் இடம்வரை பின்னாலேயே போக வேண்டும். சைக்கிள்காரர் தானாக மண்ணில் இறங்கி நின்றால் 15 கிலோமீட்டருக்கு மிகாமல் கடந்து, அவர் மறுபடி தாரில் ஏறியதைக் கண்ணாடியில் பார்த்த பிறகு வேகம் கூட்டுங்கள்.