போலந்து பரிசுப் பயனெட்: பளபளப்பைப் பார்க்காதீர்கள், வாசகத்தைப் படியுங்கள்

துப்பாக்கி முனையில் செருகும் கத்தியான பயனெட்டை மெருகேற்றி, அலகில் பெயரும் நாளும் பொறித்து, அதிகாரிகளுக்கு நினைவுப் பரிசாகக் கொடுப்பது போலந்து ராணுவத்தில் உண்டு. அடியில் இருப்பது பெரும்பாலும் சாதாரணப் படைக் கத்திதான். விலையை ஏற்றுவது பொறித்த வாசகம். போலிகள் கை வைப்பதும் அங்கேதான்.

குரோமியப் பூச்சைக் கண்டதும் 'அணிவகுப்புக்கு உரியது' என்று முடிவு கட்டுவது முதல் தவறு. ஏகேஎம் என்ற சோவியத் துப்பாக்கிக்கான, மலிவாகக் கிடைக்கும் பயனெட்டுக்கு யார் வேண்டுமானாலும் பூச்சு போடலாம். பூச்சுக்கு அடியில் துருக்குழிகள் தெரிந்தால், தொழிற்சாலை எண்ணின் விளிம்புகள் தேய்ந்து மழுங்கியிருந்தால், பூச்சு பின்னால் வந்தது என்று கொள்ளுங்கள். எழுத்துக்குழியின் உட்புறத்தையும் உருப்பெருக்கியில் பாருங்கள். மேலே பூச்சு, குழிக்குள் வெறும் எஃகு என்றால் பூச்சு முந்தியது, எழுத்து பிந்தியது. அதுமட்டுமே போலிக்குச் சான்றாகாது. ஆனால் 1970களின் தேதி போட்ட வாசகம் லேசர் வெட்டுபோல ஒரே ஆழத்தில், கருகிய நிறத்தில் இருந்தால் விலகிவிடுங்கள்.

வாசகத்தை அழகுக்காக மட்டும் பார்ப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கழுகுச் சின்னத்திலிருந்து தொடங்குங்கள். கம்யூனிஸ்ட் ஆட்சியில் போலந்துக் கழுகுக்குக் கிரீடம் கிடையாது. 1990இல்தான் அது திரும்ப வந்தது. ஆகவே, 1978 என்று பொறித்த பயனெட்டில் கிரீடக் கழுகு இருந்தால் விற்பவர் நிறைய விளக்க வேண்டியிருக்கும். மேற்கில் தங்கிவிட்ட புலம்பெயர் போலந்துப் படையினர் கிரீடத்தைக் கைவிடவில்லை என்பது மட்டும் விதிவிலக்கு.

அடுத்தது, பொறித்த தேதி. இரண்டாம் உலகப் போரில் சோவியத் படையோடு சேர்ந்து போலந்துப் படை போரிட்ட லெனினோ போரின் நினைவாக, கம்யூனிஸ்ட் காலத்தில் ராணுவ தினம் அக்டோபர் 12. இரு உலகப் போர்களுக்கு இடையே அது 1920இல் சோவியத் படையைத் தோற்கடித்த வார்சா போரை நினைவுகூரும் ஆகஸ்ட் 15 ஆக இருந்தது. 1992இல் மறுபடியும் அந்த நாளே ஆயிற்று. '1975 ஆகஸ்ட் 15, ராணுவ தினம்' என்று பொறித்தவர் வரலாறு படிக்கவில்லை. ஏகேஎம் துப்பாக்கியே 1959இல்தான் சோவியத் படைக்கு வந்தது; அதன் பயனெட்டில் 1956 என்ற ஆண்டு இருக்க வழியில்லை.

மொழியும் காட்டிக்கொடுக்கும். போலிஷில் 'இன்னாருக்கு' என்று எழுதும்போது பெயரே உருமாறும்: யான் கோவால்ஸ்கி, யானோவி கோவால்ஸ்கியெமு ஆகிவிடுவார். நம் நான்காம் வேற்றுமை போலத்தான். வாக்கியத்துக்குள் பெயர் மாறாமல் நின்றாலோ, போலிஷ் எழுத்துகளுக்கே உரிய வால்களும் குறுக்குக்கோடுகளும் விடுபட்டிருந்தாலோ சந்தேகப்படுங்கள். வெறும் பெயரும் நாளும் மட்டும் இருந்தால் இந்தச் சோதனை பயன்படாது.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ராடோம், பெர்க்குன் ஆகிய போலந்துத் தொழிற்சாலைகளின் தயாரிப்புகளில் தவறு வேறு விதம். 1939க்குப் பிறகு போலந்து ஆயுதங்கள் பல ஜெர்மானியர் கைக்குப் போயின. அதனால் ஜெர்மன் முத்திரை இருப்பதாலேயே பயனெட்டைப் போலி என்று ஒதுக்க வேண்டாம். 'சுத்தமான போலந்துப் பொருள்' ஆக்குகிறேன் என்று அதை அராவி எடுப்பவர்களும் இருக்கிறார்கள், கொடுமை. உப்புத்தாள், பாலிஷ் பசை எதுவும் வேண்டாம். மெல்லிய எண்ணெய் போதும். தோல் ஈரத்தை இழுத்துவைக்கும் என்பதால் தோல் உறைக்குள் அலகைச் செருகி வைக்காதீர்கள்.

கடைசியாகச் சட்டம். பலர் பணம் கட்டிய பிறகுதான் இதை நினைக்கிறார்கள். போலந்தில் சட்டம் சொல்லும் நடைமுறையைப் பின்பற்றாமல் உலோகங்காட்டி கொண்டு பழம்பொருள் தேடுவது சட்டவிரோதம்; 'மண்ணில் கிடைத்தது' என்று பெருமையாக விற்கப்படுவதை வாங்காதீர்கள். பழைய ராணுவப் பொருளை அந்த நாட்டிலிருந்து வெளியே கொண்டுவர, வயதையும் மதிப்பையும் பொறுத்து அனுமதி தேவைப்படலாம். இந்தியாவிலோ 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் வாள், குத்துவாளோடு பயனெட்டையும் பெயர் சொல்லியே ஆயுதப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. 'அலங்காரப் பொருள்' என்று விற்பவர் எழுதித் தரும் சீட்டு சுங்கத்தில் உங்களைக் காப்பாற்றாது. உரிமம் பற்றி முன்பே விசாரித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்.