திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு: ஒரு நாளை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுப்பது எப்படி?

கன்வென்ஷன் என்னும் நற்செய்திக் கூட்டத்தின் கடைசி இரவில் முன்னால் போய் முழங்காலிட்டு, "என் வாழ்க்கையை உமக்குத் தருகிறேன்" என்று கண்ணீரோடு சொல்லிவிட்டு வருகிறோம். அது உண்மையான அர்ப்பணிப்புதான். ஆனால் திங்கட்கிழமை காலை அந்த வாழ்க்கையை எந்த இடத்தில் எப்படித் தருவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ரோமர் 12:1 'சரீரங்களை' ஒப்புக்கொடுக்கச் சொல்கிறது. சரீரம் என்றால் நாக்கு, கண், கை, கால், இன்றைக்கு அது போகப்போகிற இடங்கள் எல்லாம் அடங்கும். அதனால் மொத்த வாழ்நாளையும் ஒரே மூச்சில் கொடுக்கப் பார்க்காதீர்கள். இன்றைய நாளைக் கொடுங்கள். அதற்கு அரைமணி நேரம் போதும்.

முந்தின இரவிலேயே ஆயத்தம் தொடங்கிவிட வேண்டும். பதினொன்றரைக்குப் படுத்துவிட்டு ஐந்து மணிக்கு எழத் தீர்மானிப்பவர்கள் நாலைந்து நாளில் சோர்ந்துபோவார்கள். ஆவிக்குரிய குறை என்று நினைத்து அவர்கள் வருந்துவது பெரும்பாலும் தூக்கக் குறைதான். இப்போது எழும் நேரத்திலிருந்து 15 நிமிடம் மட்டும் முன்னே நகர்த்துங்கள். இரண்டு வாரம் நிலைத்தபின் இன்னொரு 15 நிமிடம். வேதாகமம், நோட்டு, பேனா, கண்ணாடி நான்கையும் இரவே மேசைமேல் வைத்துவிடுங்கள். செல்போனை வேறு அறையில் சார்ஜில் போட்டுவிட்டு, எழுப்ப ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். போனிலேயே வசனம் வாசிக்கலாமே என்றால், வாசிக்கலாம். ஆனால் மூன்றாம் வசனத்தில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்து நிற்கும்.

கட்டிலில் உட்கார்ந்து ஜெபிக்காதீர்கள், தலையணை ஜெயித்துவிடும். நாற்காலி நல்லது. முழங்கால் வலிப்பவர்கள் முழங்காலிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே அறையில் எல்லாரும் தூங்கும் வீடென்றால் சமையலறையோ மொட்டைமாடியோ போதும்.

அரைமணியை இப்படிப் பிரிக்கலாம்: ஒரு கீர்த்தனையின் சரணமோ வெறும் அமைதியோ மூன்று நிமிடம், வாசிப்பு பன்னிரண்டு, எழுதுவது ஐந்து, ஜெபம் பத்து. எழுதுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எழுதாத நாளில் வாசித்தது மதியத்துக்குள் மறந்துபோகும்.

எதை வாசிப்பது? வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். வாரநாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் வாரத்துக்கு 23, 52 வாரத்தில் 1196. ஒரு வருடத்தில் முடிந்துவிடும். ஆனால் ஜனவரி 1 அன்று ஆதியாகமத்தில் தொடங்குகிறவர்கள் எங்கே விழுகிறார்கள் என்று பாருங்கள். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, ஆக 90 அதிகாரம். ஏறக்குறைய நான்கு வாரம். ஜனவரி முடியும்போது லேவியராகமத்தின் பலிமுறைகளுக்குள் நுழைகிறார்கள், பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அது மோசமான புத்தகம் என்பதால் அல்ல, வழிகாட்ட ஆளில்லாமல் போவதால். முதன்முறை வாசிப்பவர்களுக்கு வேறு வழி சொல்வேன்: புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள், திங்கள் முதல் வெள்ளிவரை தினம் ஒன்று வாசித்தால் சரியாக 52 வாரம். மாற்குவில் தொடங்குங்கள், 16 அதிகாரம்தான். சனிக்கிழமை ஒரு சங்கீதம். ஞாயிறு, ஆலயத்தில் பிரசங்கிக்கப்பட்ட பகுதியை வீட்டில் மறுபடி வாசியுங்கள்.

நம் சபைகளில் வாசிக்கும் 'பழைய திருப்புதல்' என்னும் வேதாகம மொழிபெயர்ப்பின் தமிழ் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மனப்பாடம் செய்ய அதைப்போல் இனிமையானது வேறில்லை. ஆனால் பவுலின் நிருபங்களில் வாக்கியம் நீளும்போது அர்த்தம் நழுவும். பக்கத்தில் எளிய நடை மொழிபெயர்ப்பு ஒன்றை வைத்துக்கொள்வதில் தவறே இல்லை.

வாசிக்கும் விதத்துக்கு ஒரு உதாரணம். மாற்கு 1:35: இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார். இந்த ஒரு வசனத்தை மட்டும் வாசித்தால் 'நானும் சீக்கிரம் எழவேண்டும்' என்று எழுதிவிட்டு மூடிவிடுவோம். முன்னும் பின்னும் பாருங்கள். முந்தின மாலை கப்பர்நகூமில் பட்டணம் முழுவதும் வீட்டு வாசலில் கூடியிருந்தது (வச. 33). காலையில் சீமோனும் மற்றவர்களும் தேடிவந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார்கள் (37). அவரோ அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார் (38). கூட்டம் இழுத்த பக்கம் அவர் போகவில்லை. அன்று எங்கே போகவேண்டும் என்ற தெளிவு அந்த இருட்டு ஜெபத்துக்குப் பின்னால் இருக்கிறது. இப்போது நோட்டில் எழுதவேண்டிய கேள்வி மாறிவிடும்: இன்று என்னை யார் யார் இழுக்கப்போகிறார்கள், நான் எங்கே போகவேண்டும்?

ஆண்டவருடைய வாக்குறுதி வசனங்களை அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளிலும் இதே கவனம் தேவை. உங்களைக் குறித்த என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று சொல்லும் எரேமியா 29:11 எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டு அங்கே வாழ்ந்த யூதர்களுக்கு எழுதிய கடிதம். அதற்கு முந்தின வசனமே எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்று 5 முதல் 7 வரை உள்ள வசனங்கள் சொல்கின்றன. இதை அறியாமல் பற்றிக்கொள்கிறவர் மூன்று மாதத்தில் வேலை கிடைக்காவிட்டால் விசுவாசமே உடைந்துபோகிறார். அறிந்து பற்றிக்கொள்கிறவருக்கோ காத்திருக்கும் பலம் அந்த வசனத்திலேயே கிடைக்கிறது.

ஜெபத்தில், "இந்த நாளை உம் கரத்தில் தருகிறேன்" என்று பொதுவாகச் சொல்லி முடிக்காதீர்கள். இன்று நடக்கவிருக்கும் மூன்று காரியங்களை நோட்டில் எழுதி ஒவ்வொன்றாகக் கொடுங்கள். "பத்து மணிக்கு மேனேஜரிடம் கணக்கு காட்டவேண்டும், பொய் சொல்லாமல் என் நாக்கைக் காத்தருளும்." "அண்ணனுக்கு இன்று போன் பண்ணவேண்டும், பழைய கடனை இழுக்காமல் பேச உதவி செய்யும்." வீட்டில் பேசும் தமிழே போதும். மூச்சுக்கு மூச்சு 'ஆண்டவரே, ஸ்தோத்திரம்' என்று நிரப்பிக்கொண்டே போனால், எதைக் கேட்டோம் என்று நமக்கே தெரியாமல் போகும். மற்றவர்களுக்கான விண்ணப்பங்களைக் கிழமைவாரியாகப் பிரித்துவிடுங்கள்: திங்கள் குடும்பம், செவ்வாய் நோயாளிகள், புதன் சபை ஊழியர்கள் என்று. எல்லாரையும் தினமும் சொல்லப்போனால் அது பெயர்ப்பட்டியல் வாசிப்பதாகிவிடும்.

மாலைக் குடும்ப ஜெபத்துக்குப் பதினைந்து நிமிடம் தாண்டவேண்டாம். ஒரு பாட்டு, ஆளுக்கொரு வசனமாக ஒரு சிறு பகுதி, பிள்ளைகள் ஆளுக்கு ஒரு வாக்கியம் ஜெபம், கடைசியில் பரமண்டல ஜெபம். அப்பா, அம்மாமார் தயவுசெய்து ஒன்றை நிறுத்துங்கள்: "ஆண்டவரே, இவன் படிக்கவே மாட்டேன் என்கிறான், நீர்தான் புத்தி கொடுக்கவேண்டும்" என்று ஜெபத்துக்குள் வைத்துப் பிள்ளையைத் திட்டுவது. கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளை ஜெபம் என்றாலே கூனிக்குறுகப் பழகிக்கொள்ளும்.

நாட்கள் தவறும். காய்ச்சல், ஊர்ப்பயணம், நைட் ஷிப்ட். தவறின அதிகாரங்களையெல்லாம் ஒரே நாளில் சேர்த்து வாசிக்க முயலவேண்டாம். அந்தக் கடன் ஏறஏற வேதாகமத்தைத் திறக்கவே பயம் வரும். விட்ட இடத்தில் நாடாவைப் போட்டு வைத்துவிட்டு, மறுநாள் அங்கிருந்து தொடருங்கள், வருடம் ஒன்று என்பது ஒன்றேகால் ஆனாலும் சரி. நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு மாலை எழுந்த பிறகு வரும் அரைமணிதான் காலை.

இரவு படுக்குமுன் இரண்டு நிமிடம் நோட்டைத் திறந்து, காலையில் எழுதிய மூன்று காரியங்களையும் பாருங்கள். நடந்ததற்கு ஸ்தோத்திரம் சொல்லுங்கள். தவறியதை மறைக்காமல் அறிக்கையிடுங்கள். அண்ணனுக்குப் போன் பண்ணாமல் விட்டிருந்தால், அதை நாளைய பக்கத்தின் முதல் வரியில் எழுதிவிட்டு விளக்கை அணையுங்கள்.